கருவி யாருடையது, இசை யாருடையது?

டெக்னோ என்றாலே மெஷின் இரைச்சல்தானே என்பவர்களுக்கு நான் போட்டுக் காட்டுவது 'டிரான்ஸ்வர்ஸ்' (2012). இங்கிலாந்தின் கிறிஸ் கார்ட்டரும் அவர் வாழ்க்கைத் துணைவி கோசி ஃபானி டுட்டியும், நிக் வாய்ட் என்னும் கிடார் கலைஞரோடு 2011 மே மாதம் லண்டனில் வாசித்த கச்சேரியின் பதிவு.

1981-இல் 'த்ராபிங் கிரிஸில்' குழு கலைந்ததும் இருவராகவே இசையைத் தொடர்ந்தவர்கள் இவர்கள். நார்ஃபோக்கில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றுதான் பிற்பாடு வீடும் ஸ்டூடியோவும்.

தாளம் கார்ட்டரின் மின்கருவிகளில் ஓடுகிறது. கோசியும் நிக்கும் கிடாரில் சுரம் பாடுவதில்லை, உரசுகிறார்கள், முனகவைக்கிறார்கள். கருவி அவருடையது, ஆகவே இசையும் அவருடையதே என்று எழுதிவிடுவது நம் விமர்சகர்களுக்கும் கைவந்த வழக்கம். கேட்டுத்தான் பாருங்களேன்! தாளம் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. அதை நகர்த்துவது அந்த உரசல்தான். சில இடங்களில் நீளம் அலுப்புத் தட்டுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கார்ட்டரின் ரீங்காரம் எங்கே முடிந்து கோசியின் கிடார் எங்கே தொடங்குகிறது என்று நாலைந்து தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.