சித்திரம் சொல்லும் சரித்திரம்

வரலாற்றை ஏட்டிலே கற்பதோடு திரையிலே காணவும் இக்காலம் வாய்ப்பளித்திருக்கின்றது. ஆயின், காண்பனவெல்லாம் சரித்திரமாகிவிடா. விவரணச் சித்திரம் ஒன்றினைக் காணும் மாணவன், ‘இக்காட்சி எங்கே, எப்பொழுது, யார் பொருட்டு எடுக்கப்பட்டது?’ என வினவுதல் வேண்டும். இவ்வினாவை அளவுகோலாகக் கொண்டு, காணத்தக்க இரு சித்திரங்களை ஈண்டு நோக்குவாம்.

முதலாவது, பசில் றைற் என்பாரின் நெறியாள்கையில் 1934இல் உருவான ‘சோங் ஒவ் சிலோன்’. தேயிலைப் பிரசாரத்தின் பொருட்டு எடுக்கப்பட்ட இது, 1935இல் பிரசெல்ஸ் நகர விழாவிலே முதற்பரிசு பெற்றது. இதன் பின்னணியில் லயனல் வென்ட் வாசிப்பவை றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளாம். நொக்ஸ் நம் கீழைக்கரைக்கு முற்றும் அந்நியனல்லன். 1660இல் கொட்டியாற்றிலே பிடிபட்டு, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்திற் கைதியாயிருந்தவன்.

இரண்டரை நூற்றாண்டுக்கு முந்திய சொல்லைப் புதிய காட்சியின்மீது ஏற்றியதே இச்சித்திரத்தின் அழகும் குறையும் ஆகும். கிராமத்து மாந்தர் பெருமிதத்தோடு தோன்றுகின்றனர். ஆனால், காலத்தால் மாறாதவர்கள் என்ற மயக்கமும் உடன் தோன்றுகின்றது. வணிகத்தைப் பற்றிய மூன்றாம் பகுதியோ மெச்சத்தக்கது. உழைப்போரின் காட்சியோடு சந்தை விலை கூறும் குரல்களை இணைத்தமையால், பணங்கொடுத்தோர் எதிர்பாராத சிந்தனை பார்ப்போர் உள்ளத்தெழுகின்றது. எனினும், கொழுந்து பறிப்போர் யாவர், எங்கிருந்து வந்தனர், பெற்ற கூலி யாது என்பன பற்றிச் சித்திரம் வாய்திறவாது.

புத்தர் பெயரால் அமைந்த முதற்பகுதியிலே பௌத்த யாத்திரிகர் மலையேறுகின்றனர். அம்மலை சைவருக்குச் சிவனொளிபாதம். எம்மவர்க்குப் பாவா ஆதம் மலை. இபுனு பதூதா 1344இல் ஏறியதும் அதுவே. சித்திரம் பொய் கூறவில்லை. உண்மையின் ஒரு பங்கையே கூறிற்று. அதனாலேதான் கண்ணோடு கல்வியும் வேண்டும் என்கிறோம்.

இரண்டாவது, ஏ. கே. செட்டியார் 1940இல் தமிழில் வெளியிட்ட மகாத்மா காந்தி பற்றிய சித்திரம். ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் அலைந்து, பலர் எடுத்திருந்த படச்சுருள்களைத் திரட்டி, சுமார் 50,000 அடியிலிருந்து 12,000 அடியைத் தெரிந்து கோத்தார். ஒன்று கவிஞன் பார்வை. மற்றது சான்று தேடுவோனின் உழைப்பு. அத்தகைய உழைப்பின் பயனும் நெடுங்காலம் காணாமற்போய், பின்னர் சுருக்கப்பட்ட ஆங்கிலப் பிரதியொன்று அமெரிக்காவிலே கண்டெடுக்கப்பட்டது. சரித்திரத்தைக் காக்கும் சுருளையும் யாரேனும் காத்தல் வேண்டுமன்றோ?

இவ்வுண்மை எமக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளிற் புகுந்தபோது, உயிர்களோடும் வீடுகளோடும் பெட்டிகளில் இருந்த பழைய உறுதிகளும் புகைப்படங்களும் போயின. மருதமுனைக் கைத்தறியின் ஓசையையும், கடற்றொழிலாளர், போடிமார் ஆகியோரின் நினைவுகளையும் பதிந்துவைக்க இன்று கைபேசியே போதும். பதிவோர் ஆளையும் ஊரையும் நாளையும் தவறாது குறித்துவைப்பாராக. அழகு பின்னர் வரினும் வரட்டும். சான்று முந்துதல் வேண்டும். நம்மைப் பற்றிய சித்திரத்தில் நாம் இல்லையே என வருந்துவதிலும், அதனை நாமே எடுக்கத் தொடங்குதல் நன்று.