நீட்டிய கையும் கட்டிய கையும்

பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தாவீத் சத்தியம் என்னும் ஒரே செயலைத் தம் வாழ்நாளில் மூன்று முறை பெரிய அளவில் கையாண்டார். 1784இல் ரோமில் வரைந்து மறு ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்கு அனுப்பிய 'ஹொரேஷியஸ் சகோதரர்களின் சத்தியம்' முதலாவது. 1791இல் கோட்டோவியமாகக் காட்சிக்கு வந்த 'டென்னிஸ் கூடத்துச் சத்தியம்' இரண்டாவது. 1810இல் முடிந்த 'கழுகுக் கொடிகள் வழங்கல்' மூன்றாவது. முதற்படத்தை வரையச் சொன்னது மன்னரின் அரசு, இரண்டாவதைப் பிரெஞ்சுப் புரட்சிக்கால ஜாக்கோபின் சங்கம், மூன்றாவதை நெப்போலியன். இந்த வரிசையைக் காட்டி ஓவியரைக் காற்றடிக்கும் பக்கம் சாய்ந்தவர் என்று சொல்வது எளிது. அது ஆளைப் பற்றிய தீர்ப்பு. படங்களைப் பற்றிய கேள்வி வேறு: நீண்டு உயர்ந்த கை இவற்றில் எங்கே மெய்ப்பாடாக நிற்கிறது, எங்கே வெறும் முத்திரையாகிவிடுகிறது?

முதலில் ஒரு தகவலைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஹொரேஷியஸ் வீட்டில் நடக்கும் அந்தச் சத்தியம் தாவீதின் கற்பனை. ரோமின் மூன்று சகோதரர்களும் ஆல்பா நகரின் குரியேஷியஸ் சகோதரர் மூவரும் மோதியதை விரிவாகச் சொல்லும் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியிடம் அது இல்லை. 1640இல் இக்கதையை நாடகமாக்கிய கொர்னேயிடமும் இல்லை. லிவி சொல்லும் சத்தியம் ஒன்று உண்டு. போருக்கு முன் இரு நகரங்களும் உடன்படிக்கை செய்கையில் ரோமானியப் புரோகிதர் பன்றியைச் சிக்கிமுக்கிக் கல்லால் அடித்துக் கொன்று, உடன்படிக்கையை மீறினால் ரோமையும் ஜூபிடர் இப்படியே அடிக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறார். மீறியவனுக்கு என்ன நேரும் என்பதைக் கண்முன் செய்து காட்டும் சடங்கு அது. தாவீத் கல்லையும் பன்றியையும் விட்டுவிட்டு, கைகளையும் வாள்களையும் எடுத்துக்கொண்டார். ரோமானியர் இப்படிக் கை நீட்டிச் சத்தியம் செய்ததற்குத் திடமான சான்று எழுத்திலும் இல்லை, சிற்பத்திலும் இல்லை. வரலாற்று ஓவியம் என்ற வகைமையின் அளவுகோலால் பார்த்தால் இது குறை. ஆனால் அந்தக் குறையிலிருந்துதான் படத்தின் சாதனை முழுவதும் பிறக்கிறது.

அமைப்பைப் பாருங்கள். பின்னணியில் மூன்று வளைவுகள், அவற்றுக்கு அப்பால் இருட்டு. இடப்புற வளைவின் கீழே மூன்று மகன்கள், நடுவில் தந்தை, வலப்புறம் பெண்கள். தந்தை ஒரு கையில் மூன்று வாள்களை உயர்த்திப் பிடித்திருக்கிறார். தரையின் கோடுகளும் சுவரின் கோடுகளும் அந்தப் பிடியை நோக்கியே குவிகின்றன. மகன்களின் கால்கள் அகன்று ஊன்றியிருக்கின்றன. கெண்டைச் சதை தெறித்து நிற்கிறது. முன்னால் நிற்பவன் வலக்கையை நீட்ட, மற்ற இருவரும் இடக்கையை நீட்டுகிறார்கள். சடங்கின் ஒழுங்கு கருதியிருந்தால் மூவரும் வலக்கையையே நீட்டியிருப்பார்கள். தாவீதுக்கு வேண்டியிருந்தது வேறு: ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படிப்படியாக ஏறும் மூன்று கோடுகள், மூன்று உடல்களில் ஓடும் ஒரே விசை. அரசு அலுவலகம் கேட்டது பத்தடிச் சதுரம். அவர் அனுப்பியதோ 13 அடி அகலம். கை நீள இடம் வேண்டுமல்லவா?

படம் முறிந்து இரண்டாகிவிட்டது என்பது அதன்மேல் சொல்லப்படும் முக்கியமான குற்றச்சாட்டு. ஆண்கள் பக்கம் எல்லாம் நேர்கோடு, விறைப்பு. பெண்கள் பக்கம் எல்லாம் வளைவு, தளர்ச்சி. இரு பகுதிகளையும் பார்வையாலோ தொடுகையாலோ இணைக்கப் பெரியவர்களில் யாருமில்லை. ஒருமை குலைகிறது என்கிறார்கள். கவனிப்பு சரியானதுதான். முடிவை நான் ஏற்கவில்லை. வெள்ளுடை கமில்லா ஹொரேஷியஸ்களின் தங்கை. எதிரணியில் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அருகில் சரிந்திருக்கும் சபீனா குரியேஷியஸ்களின் உடன்பிறந்தவள்; இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். எந்த அணி வென்றாலும் இருவரும் இழப்பார்கள். வென்று திரும்பும் அண்ணன், காதலனுக்காக அழுத தங்கையையே வெட்டிக் கொல்லப்போகிறான். தந்தை பெண்களுக்கு முதுகு காட்டி நிற்கிறார். அந்த இடைவெளியை ஓவியர் நிரப்பியிருந்தால் படம் பொய்யாகியிருக்கும். சத்தியத்தின் விலையைக் கொடுப்பவர்கள் சத்தியம் செய்பவர்களின் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறார்கள். அமைப்பின் முறிவு அதைத்தான் காட்டுகிறது. பின்னால் குழந்தைகளை அணைத்து மறைக்கும் முதியவளையும் கவனிக்க வேண்டும். மூத்த சிறுவன் அவள் கையை மீறி ஆண்கள் பக்கம் பார்க்கிறான். அடுத்த தலைமுறையின் கையும் நீளப் பழகுகிறது. இத்தனை கண்டிப்பான படத்தில் இந்தச் சிறு முகம் எனக்கு மற்ற எதையும்விட அச்சமூட்டுகிறது.

ஆக, உயரும் கைக்கு எதிரே உயராத உடலுக்கு இடம் தந்திருக்கிறதா என்பதே சத்திய ஓவியத்தை மதிப்பிட நான் கொள்ளும் அளவுகோல். எல்லாக் கைகளும் ஒரே திசையில் உயர்ந்தால் அங்கே இருப்பது ஆரவாரம். உயராத ஒன்று இருக்கும்போதுதான் உயர்ந்தது ஒரு தேர்வாகிறது.

இந்த அளவுகோலில் 'டென்னிஸ் கூடத்துச் சத்தியம்' முதற்படத்தையும் தாண்டிப் போகிறது. 1789 ஜூன் 20ஆம் நாள், கூடும் மண்டபம் பூட்டிக் கிடந்ததால் மக்கள் பிரதிநிதிகள் வெர்சாயில் பக்கத்திலிருந்த பந்தாட்டக் கூடத்துக்குள் புகுந்து, அரசியல் சட்டம் வகுக்காமல் கலைவதில்லை என்று உறுதி ஏற்றார்கள். தாவீதின் கோட்டோவியத்தில் அவைத் தலைவர் பாயி மேசைமேல் நின்று, வலக்கை உயர்த்தி வாசிக்கிறார். நூற்றுக்கணக்கான கைகள் அவரை நோக்கிப் பாய்கின்றன. மேலே சன்னலில் திரை காற்றில் உப்புகிறது. ரொபெஸ்பியர் இரு கைகளையும் மார்பில் பதித்துத் தலையைப் பின்னுக்குச் சாய்க்கிறார். உணர்ச்சி மிகையாகவே இருக்கிறது; பல உருவங்கள் நாடக மேடையின் முன்விளக்குகளுக்காக நிற்கின்றன. நடுவில் தழுவிக்கொள்ளும் சமய குருமார் மூவரில் தோம் ஜெர்ல் என்பவர் அன்று அங்கே இல்லவே இல்லை. ஹொரேஷியஸ் படத்தின் சிக்கனம் இங்கே தொலைந்துவிட்டது. இன்னொரு பலவீனம், வாள் இருந்த இடத்தில் ஒரு மனிதர் நிற்பது. வாள் தலைகுனியாது, மனிதருக்கு என்ன ஆகும் என்பதற்கு உறுதியில்லை. இதே பாயியின் தலை 1793 நவம்பரில் கில்லட்டினில் விழுந்தது.

ஆனால் வலக்கோடியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கைகளை மார்புக்குக் குறுக்கே இறுகக் கட்டியபடி. காஸ்தெல்நோதாரி ஊரின் பிரதிநிதி மார்த்தென் தோஷ். அன்று மறுத்தவர் அவர் ஒருவரே. கையெழுத்திட்டபோது தம் பெயரருகே 'எதிர்ப்பவர்' என்று எழுதினார். சினந்த அவை பிறகு அந்தச் சொல்லை அடிக்காமல் விட்டது, கருத்துரிமைக்குச் சாட்சியாக. நம் வழக்கில் கைகட்டி நிற்பது பணிவு. இங்கே கட்டிய கை அறை முழுவதையும் மறுக்கிறது. தாவீத் அவரை விட்டுவிட்டிருக்கலாம். படத்தை வரையச் சொன்ன சங்கத்துக்கு அது வருத்தமாக இருந்திராது. ஹொரேஷியஸ் படத்துப் பெண்கள் துயரப்பட மட்டுமே முடியும். மார்த்தென் தோஷ் மறுக்கிறார். மற்ற ஐந்நூற்றுச் சொச்சம் பேரின் உறுதிக்கு எடை தருவது அவருடைய கட்டிய கைதான்.

இந்தக் கருத்து ஓவியமாக முழுமை பெறவில்லை என்பது பெரிய இழப்பு. 3000 அச்சுப் பிரதிகளை விற்றுப் பணம் திரட்டும் திட்டம் தோற்றது. அதற்குள் வரையப்பட வேண்டியவர்களின் நிலையும் மாறிவிட்டது. மிராபோ இறந்தபின் அரண்மனையோடு அவருக்கிருந்த இரகசியத் தொடர்பு வெளியானது, பர்னாவ் கொல்லப்பட்டார். அவர்கள் தலைகள் உட்படச் சில தலைகள் மட்டும் வண்ணம் பெற்ற திரைச்சீலை வெர்சாயில் இருக்கிறது. மற்றவர்கள் ஆடை அணிவிக்கப்படாத வெற்றுக் கோட்டுருவங்கள்.

மூன்றாவது படத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1804 டிசம்பர் 5ஆம் நாள் ஷான் த மார் திடலில் படைகளுக்குக் கழுகுக் கொடிகள் வழங்கிய காட்சி. ஆறு மீட்டர் உயரம், ஒன்பது மீட்டருக்கு மேல் அகலம். தளபதிகள் படிகளில் ஏறிப் பாய்கிறார்கள். ஒருவர் ஒற்றைக் கால் விரலில் நிற்கிறார். நெப்போலியன் கை நீட்டுகிறார், தளபதிகளும் நீட்டுகிறார்கள். கொடிகளின் சாய்கோடுகளைக் கையாண்டிருக்கும் திறமை மறுக்க முடியாதது. ஆனால் உயரும் கைகளுக்கு எதிராக நிற்கும் உயராத உடல் இங்கே இல்லை. வானில் பறந்த வெற்றித் தேவதையை நெப்போலியன் எடுக்கச் சொன்னார். 1809 மணமுறிவுக்குப் பின் ஜோசஃபினும் படத்திலிருந்து நீக்கப்பட்டார். கை நீட்டாதவர்களை மறைத்த படம் இது, இழந்தவளையும் சேர்த்து. மெய்ப்பாடு முத்திரையாகி முடிந்தது இங்கேதான்.

பிற்காலத்தின் பழியையும் எடைபோட வேண்டும். 1914இல் வந்த இத்தாலியத் திரைப்படம் 'கபீரியா'விலும், பின்னர் முசோலினியின் ஊர்வலங்களிலும், ஜெர்மனியின் திடல்களிலும் 'ரோமானிய வணக்கம்' என்று இந்தக் கை திரும்பி வந்தது. அதற்குத் தாவீதைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. தொடர்பே இல்லை என்பதும் நேர்மையில்லை. படம் அந்தப் பின்வந்தவர்களுக்கு ஒரு வடிவத்தைத் தந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று வளைவுகளில் ஒன்றை மட்டும். பெண்கள் இருந்த வளைவை விட்டுவிட்டார்கள். நம் பள்ளிகளின் காலை வரிசையில் வலக்கையை முன்னே நீட்டி உறுதிமொழி சொன்ன எவருக்கும், இந்தச் சைகை உடலை எவ்வளவு எளிதாக வரிசைக்குள் இழுத்துவிடும் என்பது தெரியும். தோள் வலித்தாலும் பக்கத்துக் கை தாழாதவரை நம் கையும் தாழாது.

எனவே என் தீர்ப்பு இது. செய்நேர்த்தியிலும் ஒருமையிலும் முதலிடம் ஹொரேஷியஸ் படத்துக்கே. முறிவைப் பொருளாக்கிய துணிவில் அதற்கு அக்காலத்தில் இணை குறைவு. சிந்தனையில் ஒருபடி மேலே நிற்பது டென்னிஸ் கூடத்துக் கோட்டோவியம். முழுமை பெறாததால் அதற்கு முதலிடம் தர முடியவில்லை. கழுகுக் கொடிப் படம் மற்ற இரண்டின் வடிவத்தை மட்டும் கடன் வாங்கிய பெரிய திரை. ஒரு மணி நேரம் ஒன்றின் முன் மட்டுமே நிற்கலாம் என்றால் நான் லூவ்ரில் ஹொரேஷியஸ் முன் நிற்பேன், வலப்புற வளைவின் கீழே, கமில்லாவின் பக்கமாக.