வீடு தேடிப் போகும் விசாரணை

பதினாறு வயதுப் பையன் ஒருவன் திருட்டு வழக்கில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்படுகிறான். என்ன திருடுபோனது, எங்கே பிடித்தார்கள் என்பது காவல்துறைத் தாள்களில் இருக்கும். அவன் எப்படி வளர்ந்தான், ஏன் பள்ளியை விட்டான் என்பது அவற்றில் இராது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் நன்னடத்தை அலுவலரையோ சமூகப் பணியாளரையோ அவன் வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. பையனை முதன்முதலில் குழுமத்தின் முன் கொண்டுவந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை வந்து சேர வேண்டும்.

சமூகப் பணி நீதித்துறைக்குத் தந்த ஆகப் பெரிய கொடை இந்த அறிக்கை என்றே நான் கருதுகிறேன். ஆனால் இன்னொருவர் வீட்டுக்குள் போய், பார்த்ததைக் குறித்து, மேலிடத்துக்கு அனுப்புகிற அதிகாரமும் இதில்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

வீடு தேடிப் போகும் வழக்கம் பழையது. 1869இல் லண்டனில் தொடங்கிய அறப்பணி ஒருங்கிணைப்புச் சங்கம், ஏழைகளின் வீடுகளுக்கு வசதியான குடும்பத்துத் தன்னார்வலர்களை அனுப்பியது. உதவிக்கு யார் தகுதியானவர், யார் தகுதியற்றவர் என்று பிரிப்பது அவர்களுடைய முக்கியமான வேலை. அமெரிக்காவிலும் இத்தகைய சங்கங்கள் பெருகின. பால்டிமோர் நகரச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த மேரி ரிச்மண்ட், வீடுகளுக்குச் செல்வோருக்கான கையேடு ஒன்றை 1899இல் வெளியிட்டார்.

அதே ஆண்டில் ஜேன் ஆடம்ஸ் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். சிகாகோவில் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நடுவே 1889இல் ‘ஹல் ஹவுஸ்’ இல்லத்தைத் தொடங்கி அங்கேயே வாழ்ந்தவர் அவர். பக்கத்து வீட்டுக்காரர் கையிலிருப்பதைக் கேள்வி கேட்காமல் பகிர்ந்துகொள்கிறார். உதவ வந்த சீமாட்டியோ சிக்கனத்தையும் உழைப்பையும் போதிக்கிறார். இதைப் பார்க்கும் ஏழைக்கு வந்தவர் கல்நெஞ்சக்காரராகத்தானே தெரிவார் என்பது ஆடம்ஸின் வாதம். வருகிறவரின் ஒழுக்க அளவுகோல் அவருடைய வர்க்கத்தின் அளவுகோல் என்பதை இவ்வளவு துல்லியமாக அன்று வேறு யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

சிகாகோவில் சிறார் நீதிமன்றம் பிறந்ததும் அந்த 1899இல்தான். அதன் முதல் நன்னடத்தை அலுவலரான அல்சினா ஸ்டீவன்ஸ், ஹல் ஹவுஸில் இருந்து வந்தவர். அவருடைய வேலைக்கு அரசுப் பணத்திலிருந்து சம்பளம் தரச் சட்டம் இடமளிக்கவில்லை.

ரிச்மண்ட் பிறகு தன் முறையை வெகுவாகச் செப்பனிட்டார். 1917இல் வந்த ‘சோஷியல் டயக்னோசிஸ்’ நூலில் அவர் சான்றைப் பற்றி எழுதிய பகுதியை இன்றைய சமூகப் பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். கண்ணால் கண்டது, பிறர் சொல்லிக் கேட்டது, நாமாக ஊகித்தது ஆகிய மூன்றையும் கலக்காதே என்கிறார். உறவினர், பள்ளி, மருத்துவர், முதலாளி என ஒவ்வொருவர் சொல்லையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். நல்ல அறிக்கையின் பலம் முழுவதும் இந்த ஒழுங்கில் இருக்கிறது. அப்பா இறந்த மாதத்தில் பள்ளிக்குப் போவது நின்றது என்று பதிவேட்டைப் பார்த்து எழுதும் ஒரு வரி, பையனின் வாழ்க்கையையே திருப்பிவிடும்.

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும்? 1964இல் அமெரிக்காவின் அரிசோனாவில் 15 வயது ஜெரால்ட் கால்ட், தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று பிடிக்கப்பட்டான். பெற்றோர் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை. நன்னடத்தை அலுவலர் தந்த அறிக்கை நீதிபதி கைக்குப் போனது. பையனோ பெற்றோரோ அதைப் பார்க்கவே இல்லை. 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி என்று தீர்ப்பானது. அதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல் அந்த ஆணையை ரத்து செய்தது. பையனின் நன்மைக்கே என்ற எண்ணம் உரிமைகளுக்கு ஈடாகாது என்பதை அந்த வழக்கு நிலைநாட்டியது.

நம் சட்டம் அவ்வளவு மோசமில்லை. சட்ட உதவி உண்டு. கண்ணியமும் அந்தரங்கமும் அடிப்படைக் கோட்பாடுகளாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும் சமூக விசாரணை அறிக்கைக்கான நம் படிவத்தைப் பாருங்கள். வருமானம் எவ்வளவு, என்ன சாதிப் பிரிவு, பிள்ளைக்குப் புகை, மது, சூதாட்டப் பழக்கம் உண்டா என்று பல கட்டங்கள் அந்த வீட்டையே துருவுகின்றன. கேட்பவர் படித்தவர், அரசாங்கத்தின் ஆள். பதில் சொல்லும் தாய்க்கோ மகன் வீடு திரும்புவானா என்ற பதைப்பு. அந்த நிலையில் எந்தக் கேள்விக்கும் அவரால் ‘சொல்ல மாட்டேன்’ என்று சொல்ல முடியாது. தெருவில் நாலு பேரிடம் விசாரித்தால் சாதிக் காழ்ப்பும் வம்பும் ‘அக்கம்பக்கத்தார் கருத்து’ என்ற பெயரில் தாளில் ஏறிவிடும். ரிச்மண்ட் எச்சரித்த கலப்படம் இதுதான்.

சட்டத்தின் 99ஆம் பிரிவில் இதற்கு மாற்று பாதியளவு இருக்கிறது. அறிக்கைகள் ரகசியமானவை என்று சொல்லிவிட்டு, குழுமம் தகுந்தது என்று கருதினால் அவற்றின் சாரத்தைப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தெரிவித்து, அவர்கள் தரப்புச் சான்றை முன்வைக்க வாய்ப்புத் தரலாம் என்கிறது. ‘தரலாம்’ என்பது போதாது. ஊருக்கு ரகசியமாக இருக்கட்டும். யாரைப் பற்றி எழுதியதோ அவருக்கு எதற்கு ரகசியம்?

இந்தப் பிரிவு திருத்தப்படும் வரை அலுவலர்களும் பணியாளர்களும் காத்திருக்கத் தேவையில்லை. அறிக்கையைக் குழுமத்தில் கொடுப்பதற்கு முன், வீட்டைப் பற்றி எழுதியதை அந்தத் தாய்க்கும் பையனுக்கும் அவர்கள் பேசும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் மறுப்பதையும் அதே அறிக்கையில் எழுதுங்கள்.