குற்றம் ஆளிலா, அமைப்பிலா?

ஓர் இயந்திரம் அடிக்கடி பழுதானால், பொறியாளர் அதை இயக்குபவரை மட்டும் கடிந்துகொண்டு நின்றுவிடுவதில்லை. அதன் அமைப்பில் எங்கே கோளாறு என்று தேடுகிறார். ஆனால் பணியிடத்தில் ஆண்–பெண் சமத்துவம் என்னும் பேச்சு எழும்போது இந்த அறிவியல் வழக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம். ‘ஆண்கள் திருந்த வேண்டும், பெண்கள் துணிய வேண்டும்’ என்று அறிவுரை கூறி அமைதியடைகிறோம். இது போதாது என்பதற்குத் திண்டுக்கல் வட்டாரமே சான்று.

திண்டுக்கல் சமவெளியின் நூற்பாலைகளிலும் ஆடை ஆலைகளிலும் பெண்கள் பெருந்தொகையினராக உழைக்கின்றனர். தையற்கூடத்தில் ‘லைன்’ என்று வழங்கும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. அவர் பெரும்பாலும் ஓர் ஆண். அன்றைய இலக்கை விரட்டுபவரும், விடுப்புக்குத் தலையசைப்பவரும், தொழிலாளியின் குறையை மேலே கொண்டுசெல்ல வேண்டியவரும் அவரே. அவர்மீதே குறை என்றால் அதை யாரிடம் சொல்வது?

2013ஆம் ஆண்டின் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். பெண் ஒருவரே அதற்குத் தலைவர். நல்ல சட்டந்தான். ஆயினும் குழு தானாகக் கூடத்துக்கு வருவதில்லை. பாதிக்கப்பட்டவரே எழுத்து மூலம் புகார் தர வேண்டும். வேலை போய்விடுமோ என்று அஞ்சும் பெண்ணுக்குத் தையல் இயந்திரத்திலிருந்து குழுவின் அறை வரையுள்ள தூரம் மிக நீண்டது.

2021 ஜனவரியில் இம்மாவட்டத்து நாச்சி அப்பேரல்ஸ் ஆலையில் பணிபுரிந்த தலித் இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அப்பெண் பல மாதங்களாகத் தொல்லைக்கு ஆளாகியிருந்தார் என்று குடும்பத்தாரும் உடனுழைத்தோரும் கூறினர். அத்தனை மாதங்களில் எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை.

இதன்பின், பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துக்கும், அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் இடையே 2022 ஏப்ரலில் கையெழுத்தானதே ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’. ஆடை வாங்கும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய நிறுவனங்களும் அதே ஆண்டில் இதில் இணைந்தன.

இதன் சிறப்பு அமைப்பிலேயே உள்ளது. ஏறத்தாழ 25 தொழிலாளருக்கு ஒருவர் வீதம் கூடக் கண்காணிப்பாளர்களைத் தொழிலாளரிலிருந்தே சங்கம் தேர்ந்தெடுத்தது. மேற்பார்வையாளரைத் தாண்டிச் செல்ல இரண்டாவது வழி பிறந்தது. கொதிகலனுக்குப் பாதுகாப்பு வால்வு செய்யும் பணியே இது. சின்னக் குறைகளும் பேசப்பட்டால் அழுத்தம் பெருகாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வணிகத்திலும் விளைவு உண்டு என்பது இதற்குப் பல்லாயிற்று.

ஆனால் இதிலும் குறை உண்டு. வால்வு வைத்தோம்; கொதிகலனை மாற்றவில்லை. மேற்பார்வையாளர் நாற்காலி பெரும்பாலும் ஆணுக்கே என்ற நிலையையும், இலக்கின் நெருக்கடியையும் புகார் ஏற்பாடு மட்டும் மாற்றிவிடாது. வங்கதேச ஆடை ஆலைகளில் தையற்பெண்களுக்குப் பயிற்சி அளித்து மேற்பார்வையாளராக்கும் சோதனையைப் பொருளாதார அறிஞர்கள் நடத்தினர். தொடக்கத்தில் அவர்களைக் குறைத்தே மதிப்பிட்டனர். உற்பத்தியும் சற்றுப் பின்தங்கியது. சில மாதங்களில் அந்த வேறுபாடு மறைந்தது. ‘பெண்ணால் முடியாது’ என்பது திறமையின் அளவன்று, பழக்கத்தின் விளைவு என்று இதனால் விளங்குகிறது.

மற்றொன்று, வெளிநாட்டு ஆர்டர் இருக்கும் வரையே ஆலைக்கு அந்தப் பல் உறைக்கும். ஆகவே இத்தகைய ஏற்பாட்டை ஒரு நிறுவனத்தின் உடன்பாடாக விட்டுவிடாமல், எல்லா ஆலைகளுக்குமுரிய விதியாக்க வேண்டும். ஓர் உயிர் போனபின்தான் வால்வு பொருத்துவது என்பது எந்த ஆலைக்கும் முறையாகாது.

மாணவர்களே, உங்கள் வீட்டில் வேலைக்குச் செல்லும் அக்காவிடமோ அம்மாவிடமோ ஒன்று கேளுங்கள்: ‘மேலாளர்மீதே குறை இருந்தால் யாரிடம் சொல்வாய்?’ விடை கூற அவர் தயங்கினால், கோளாறு அவர் துணிவில் இல்லை என்று அறியலாம்.