ஒரு சாவியும் பல பூட்டுகளும்

அகராதியில் முதலிற் காணும் பொருளையே எடுத்தாளும் வழக்கம் மொழிபெயர்ப்பிற்குப் பெருங்கேடு விளைப்பதாகும். ஆங்கிலத்தின் 'கீ' என்னும் ஒரு சொல்லைப் போர்த்துகீசிய மொழியிற் பெயர்ப்பதை ஈண்டு நோக்குவோம்.

பூட்டைத் திறக்கும் திறவுகோலுக்கு அம்மொழியில் 'ஷாவி' என்பது பெயர். நம் வழக்கிலுள்ள 'சாவி' அதன் வழிவந்ததே. புதிரை விடுவிக்கும் குறிப்புக்கும் அச்சொல்லே பொருந்தும். ஆயின், பியானோவிலும் தட்டச்சுப் பொறியிலும் விரலால் அழுத்தும் கட்டை 'தெக்லா' ஆகும். இசையின் சுருதிநிலை 'தோம்' எனப்படும். தேர்வின் விடைப்பட்டியலைப் பிரேசில் நாட்டார் 'கபரித்தோ' என்பர். பியானோக் கட்டையையும் 'ஷாவி' என்றெழுதினால் படிப்பவர் பூட்டைத் தேடுவர்.

மறுதலையாக, ஆங்கிலச் சொல் செல்லாத இடத்திற்கும் 'ஷாவி' செல்கிறது. மரையைத் திருகும் கருவியும் அங்கே 'ஷாவி'தான். வாயகலத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க வகையை 'ஆங்கிலச் சாவி' என்றே வழங்குகின்றனர். அதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தால் நகைப்பே மிஞ்சும்.

இரு மொழிச் சொற்களின் பொருளெல்லைகள் முற்றும் ஒத்திருப்பது அரிது. சொல் நிற்கும் தொடரே பொருளை முடிவுசெய்கிறது. ஆதலின், மாணவரின் மொழிபெயர்ப்பைத் திருத்தும் ஆசிரியர், பிழையைச் சிவப்பு மையாற் கோடிடுவதோடு அமையாது, 'இச்சொல் இங்கே எதனைக் குறிக்கிறது?' என்று வினவி அகராதியைத் திறக்கும் பழக்கத்தை அவர்பால் வளர்ப்பாராக.