நடந்ததா, சொன்னதா? ‘தி ஸ்னோ ஒயிட் மர்டர் கேஸ்’ படத்தை எப்படி ரசிப்பது?

வனப்பகுதியில் ஓர் இளம்பெண்ணின் உடல், கத்திக்குத்துக் காயங்களோடு எரிந்த நிலையில் கிடைக்கிறது. இறந்தவள் அழகுசாதன நிறுவன ஊழியை. அலுவலகமே வியந்து பார்த்த அழகி. உடன் வேலை பார்த்த ஷிரோனோ என்ற அமைதியான பெண்ணை அதன்பின் காணவில்லை. தொலைக்காட்சியில் ஒப்பந்த வேலை பார்க்கும் அகாஹோஷி, தெரிந்தவள் சொன்ன தகவலை ட்விட்டரில் எழுதுகிறான். போலீஸ் விசாரணை முடிவதற்குள் ஊர் தீர்ப்பு வழங்கிவிடுகிறது.

2014-ல் வெளியான இந்த ஜப்பானியப் படத்தின் இயக்குநர் யோஷிஹிரோ நகமுரா. மூலம், கனயே மினாடோ எழுதிய நாவல். ‘கொலை செய்தது யார்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு பார்த்தால் படத்தின் பாதி ருசி போய்விடும். ‘இதை நான் ஏன் நம்பினேன்?’ என்றும் கேட்டுக்கொண்டே பாருங்கள்.

சொல்பவர் யார்?

அகாஹோஷி கேமராவோடு ஒவ்வொருவராகச் சந்திக்கிறான். அவர்கள் பேசப் பேச, பழைய சம்பவங்கள் காட்சிகளாக விரிகின்றன. கண்ணால் பார்ப்பதை உண்மை என்று ஏற்பது நம் பழக்கம். நகமுரா கை வைப்பது அங்கேதான். ஒவ்வொரு காட்சியும் ஒருவரின் வாக்குமூலம். எனவே காட்சி தொடங்கும்போதே, இதைச் சொல்பவர் யார், அவருக்கு ஷிரோனோ மீது என்ன மனத்தாங்கல், சொல்வதால் அவருக்கு என்ன லாபம் என்று பாருங்கள். அவள் சமைத்துக் கொண்டுவந்த மதிய உணவைப் பற்றி மேலதிகாரி ஒன்று சொல்கிறார். அவள் சொல்வது வேறு. பள்ளிக்காலத்துச் சிறு சம்பவங்கள்கூட, இப்போது சந்தேகம் விழுந்தபிறகு, சாட்சியமாக உருமாறுவதைக் கவனியுங்கள்.

திரையில் மிதக்கும் வரிகள்

காட்சிகளின் மீது ட்வீட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கதைக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘இருக்கலாம்’ என்று தொடங்கும் ஊகம் ‘இருக்கும்’ என்றாகி, கடைசியில் ‘அவள்தான்’ என்று முடியும் வேகம் அவற்றில்தான் தெரிகிறது. அகாஹோஷியாக நடித்த கோ அயனோ அவனை ஒரு கொடூரனாகக் காட்டவில்லை. நாலு பேர் தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற கிறக்கம், மேலே வந்துவிடும் துடிப்பு, கொஞ்சம் சோம்பல், அவ்வளவுதான். ஓர் உயிரை நசுக்க அதுவே போதும் என்பதுதான் படத்தின் கடுமையான செய்தி.

ஒரே முகம், பல பெண்கள்

ஷிரோனோவாக நடித்த மாவோ இனோவேயைத் தனியாகக் கவனியுங்கள். ஒருவர் சொல்லும்போது அவள் பரிதாபத்துக்குரியவள், இன்னொருவர் சொல்லும்போது வன்மம் பிடித்தவள், மற்றொருவருக்கு விசித்திரப் பிறவி. தலை குனிவதிலும், பார்வை நிலைக்கும் நேரத்திலும், சிரிப்பின் அளவிலும் சிறு மாற்றம் செய்தே அத்தனை பெண்களையும் கொண்டுவருகிறார். இந்த நடிப்பு இல்லையென்றால் படத்தின் கட்டுமானமே நிற்காது.

அவள் வாய் திறக்கும்போது

வெகுநேரம் கழித்தே ஷிரோனோவின் தரப்பு வருகிறது. ஓட்டல் அறையில் இருந்தபடி, தன்னைப் பற்றி உலகம் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை பேர் பேசிய பிறகே அவளைப் பேசவிட்டது ஏன் என்று யோசியுங்கள். பழி சுமத்தப்பட்டவர் குரல் எப்போதும் கடைசியில்தான் வந்து சேர்கிறது. அதற்குள் கேட்பவர்கள் முடிவெடுத்து முடித்திருப்பார்கள். அவளுடைய சிறுவயதுத் தோழியின் நட்பை இங்கே நிதானமாகப் பாருங்கள். ஊரே வெறுத்தாலும் ஒருவர் நம்பினால் மனிதர் தாக்குப்பிடிக்க முடியும் என்பதைப் படம் சத்தமில்லாமல் சொல்லும் இடம் அது.

இரண்டாம் முறை

முடிவு தெரிந்தபின் மறுபடியும் ஒருமுறை பாருங்கள். முதல்முறை நம்பிய இடங்களில் நிறுத்தி, கண்ணால் கண்டதாகச் சொன்னவர் எத்தனை பேர், பிறர் சொல்லக் கேட்டவர் எத்தனை பேர் என்று பிரித்துப் பாருங்கள். நண்பர்களோடு பார்த்தால், யார் எந்தக் காட்சியில் அவளைக் குற்றவாளி என்று முடிவுகட்டினார்கள் என்று பேசுங்கள். அந்தப் பேச்சு தரும் பயிற்சி படத்தோடு முடிவதில்லை. நாளை யாரோ ஒரு பையனின், அல்லது ஒரு பெண்ணின் புகைப்படம் ‘இதைப் பரப்புங்கள்’ என்ற வரியோடு உங்கள் போனுக்கு வரும். அப்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்: இது நடந்ததா, யாரோ சொன்னதா?