பழுதிலும் வழிகாட்டும் ரவுட்டர்: லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜிஎல்

வீட்டு வைஃபை கருவியின் தரத்தை வேகத்தைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. அது நின்றுபோகும்போது பழுது எங்கே இருக்கிறது என்பதைப் பயனாளர் கண்டறிய எவ்வளவு இடம் தருகிறது என்பதும் தரத்தின் ஒரு கூறே. 2005இல் வெளிவந்த டபிள்யூஆர்டி54ஜிஎல் இந்த வகையில் இன்றும் ஆராயத் தக்கது. டபிள்யூஆர்டி54ஜி வரிசையின் ஐந்தாம் பதிப்பில் நினைவகம் பாதியாகக் குறைக்கப்பட்டு லினக்ஸ் இயங்குதளமும் கைவிடப்பட்ட நிலையில், 16 மெகாபைட் ரேமும் 4 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகமும் கொண்ட பழைய அமைப்பு இந்தத் தனி மாடலில் தொடர்ந்தது.

விளக்குகள் மங்கினாலோ, கருவி தானாக அணைந்து மீண்டும் இயங்கினாலோ, முதலில் ஐயுற வேண்டியது 12 வோல்ட் அடாப்டரையே. அதனுள் மின்னோட்டத்தைச் சீராக்கும் மின்தேக்கி பழுதானால், தனியே அளக்கையில் மீட்டர் சரியான மின்னழுத்தத்தைக் காட்டினாலும் கருவியை இணைத்தவுடன் அது சரிந்துவிடும். ஆகவே அதே வோல்ட்டும் துருவமும், குறையாத ஆம்பியரும் உடைய வேறோர் அடாப்டரை மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தும் இணையம் வராவிட்டால், கோளாறு பெரும்பாலும் அமைப்புகளில் இருக்கும். மோடமும் இக்கருவியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, இரண்டுமே பிற கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பணியைச் செய்தால் குழப்பம் நேர்வது இயல்பு. இதனை வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கம்பிவழி வலையை வைஃபையாக மாற்றித் தரும் கருவியாகப் பயன்படுத்துவோர், முகவரியை 192.168.1.2 என மாற்றி, டிஎச்சிபியை அணைத்து, மோடத்திலிருந்து வரும் கேபிளை இன்டர்நெட் துளையில் அல்லாமல் 1 முதல் 4 வரையுள்ள துளைகளில் ஒன்றில் செருக வேண்டும்.

பவர் விளக்கு ஓயாமல் மின்னி மறைந்தால், கருவியை இயக்கும் நிலைபொருளான ஃபர்ம்வேர் சிதைந்திருக்கக்கூடும். இக்கருவியின் சிறப்பு வெளிப்படுவது இங்கேதான். கணினிக்கு 192.168.1.10 போன்ற நிலையான முகவரி கொடுத்து, கேபிள் வழியாக, கருவி பதிலளிக்கிறதா எனச் சோதிக்கும் பிங் கட்டளையை அதன் முகவரிக்கு ஓடவிட்டு மின்சாரத்தை இணைத்தால், வரும் பதிலில் உள்ள டிடிஎல் என்னும் எண் 64 என்றிருப்பின் ஃபர்ம்வேர் எழுந்துவிட்டது என்றும், 100 என்றிருப்பின் தொடக்க நிரலான பூட்லோடர் மட்டுமே விழித்திருக்கிறது என்றும் கொள்ளலாம். பூட்லோடர் விழித்திருக்கும் சில விநாடிகளுக்குள் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறையில் இந்த மாடலுக்குரிய ஃபர்ம்வேரை அனுப்பினால், செத்துவிட்டதாகத் தோன்றிய கருவி மீண்டெழ வாய்ப்புண்டு. ஆனால் எழுதும் வேலை முடியுமுன் மின்சாரத்தைத் துண்டிக்கலாகாது.

குறைகளும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குவதால் அண்டை வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இடையூறு செய்கின்றன. விநாடிக்கு 54 மெகாபிட் என்று குறிப்பிடப்படும் வேகத்தில் பாதிக்கும் குறைவே நடைமுறையில் கிடைக்கிறது. வேகம் வேண்டுவோருக்கு இது ஏற்றதன்று. எனினும், மின்சாரம், அமைப்பு, ஃபர்ம்வேர் என்ற வரிசையில் பழுதைத் தேடிச் செல்வோருக்கு ஒவ்வொரு படியிலும் தெளிவான அடையாளம் காட்டுவதால், தூக்கி எறியுமுன் சரிசெய்து பார்க்கலாம் என்ற நம்பிக்கையை இக்கருவி தருகிறது. புதிய ரவுட்டர்களிடமும் எதிர்பார்க்க வேண்டிய பண்பு அதுவே.